ஐந்து பாகங்களும் இரண்டு படங்களும்



கல்கியின் 'பொன்னியின் செல்வன்' இரண்டு திரைப்படங்களாக வெளிவந்ததை அறிவீர்கள். முதற்படம் 2022 செப்டம்பர் 30-ஆம் நாளும், இரண்டாவது 2023 ஏப்ரல் 28-ஆம் நாளும் வெளியாயின. தில்லியிலும் மும்பையிலும் நாகபுரியிலும் வாழும் தமிழர்களாகிய உங்களுள் பலர் அவற்றைக் கண்டிருப்பீர்கள். 'கதையைச் சிதைத்துவிட்டார்கள்' என்று பெரியவர்கள் சொல்ல, 'இனிப் புத்தகம் எதற்கு?' என்று பிள்ளைகள் கேட்டிருக்கவும் கூடும். நான் இவ்விரு கட்சியிலும் சேராதவன். பாலக்காட்டு எல்லைப்புறத்தில் பிறந்து, மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிபவன். ஒரு கரையில் ஏற்றிய சரக்கு முழுவதும் மறுகரை சேர்வதில்லை என்பது என் தொழிலில் அன்றாடம் காணும் உண்மை. நெடுங்கதையொன்று திரைக்கு வரும்போது எது வந்து சேர்கிறது, எது நின்றுவிடுகிறது என்பதையே இன்று ஆராய விரும்புகிறேன்.

'பொன்னியின் செல்வன்' முதலில் புத்தகமாக எழுதப்பட்டதன்று. 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை, மூன்றரை ஆண்டுகளுக்கு மேல், 'கல்கி' வார இதழில் வாரந்தோறும் வந்த தொடர்கதை அது. ஐந்து பாகங்கள்; சற்றேறக்குறைய 300 அத்தியாயங்கள். தொடர் முடிந்த அதே ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் கல்கி காலமானார். அக்கதையை அன்று படித்தவர்களின் வாழ்வில் அது மூன்றரை ஆண்டு உடன் வந்தது. எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் ஒருவர் வாங்கும் இதழைப் பல வீட்டார் படிப்பதுண்டு என்றும், வந்தியத்தேவன் அகப்பட்டுக்கொண்ட வாரத்தில் அடுத்த இதழ் வரும்வரை வீட்டில் வேறு பேச்சில்லை என்றும் என் பாட்டியார் சொல்லுவார். இந்தக் காத்திருப்பும் கதையின் ஒரு பகுதியே. மணியம் வரைந்த சித்திரங்களில் நந்தினியையும் குந்தவையையும் கண்டு பழகியவர்களுக்கு, எந்த நடிகை வந்தாலும் முதற்கணத்தில் அந்நியராகவே தோன்றுவார்.

இதைத் திரைக்குக் கொண்டுவர முதலில் முனைந்தவர்களுள் எம்.ஜி.ஆர். குறிப்பிடத்தக்கவர். அவருடைய பூர்விகக் குடும்பம் எங்கள் பாலக்காட்டு மாவட்டத்தின் வடவன்னூரைச் சேர்ந்தது. 1958-இல் அவர் இப்படத்தை அறிவித்தார். பின்னர் விபத்தொன்றில் காயமுற்றதால் வேலை தடைப்பட்டு, முயற்சி நின்றுபோயிற்று. பிறகும் சிலர் எண்ணினர், கைவிட்டனர். அதே கல்கியின் 'பார்த்திபன் கனவு' 1960-இலேயே படமாகிவிட்டது என்பதை நினைத்தால், தடையாக நின்றது கதையின் சிறப்பன்று, அதன் நீளமே என்பது விளங்கும். மணிரத்னமும் ஒருமுறைக்கு மேல் முயன்று விட்டுவிட்டுப் பின்னரே முடித்தார். அவருடன் திரைக்கதை எழுதிய இளங்கோ குமரவேல், 1999-இல் இக்கதையை மேடை நாடகமாக்கியவர். வெட்டிச் சுருக்கும் கலையை அவர் முன்னரே பயின்றிருந்தார் என்று சொல்லலாம்.

இரண்டு படங்களும் சேர்ந்து ஐந்தரை மணி நேரம். புத்தகமோ 2,000 பக்கங்களுக்கு மேல். எதையாவது விட்டே ஆகவேண்டும். ஆங்கிலத்தில் டோல்கீனின் 'மோதிரங்களின் தலைவன்' நாவலை 2001 முதல் 2003 வரை மூன்று படங்களாக்கிய பீட்டர் ஜாக்ஸன், டாம் பாம்படில் என்னும் பாத்திரத்தை அடியோடு நீக்கினார். வாசகர்கள் இன்றும் அதைச் சொல்லிக் குறைப்படுகிறார்கள். நம் படத்தில் அந்தக் கதி மணிமேகலைக்கு நேர்ந்தது. கந்தமாறன் இருக்கிறான்; அவன் தங்கை இல்லை. அவளுடைய ஒருதலைக் காதலும் அதன் துயர முடிவும் நாவலின் கடைசிப் பாகத்துக்கு ஈரம் தருபவை. எனினும் அவளை நீக்கியது சரியே என்பது என் கருத்து. இரண்டாம் படத்தின் உயிர் ஆதித்த கரிகாலனுக்கும் நந்தினிக்கும் இடையே எரிகிறது. அங்கே இன்னொரு காதலுக்கு இடமில்லை.

சேந்தன் அமுதன் விஷயம் அத்தகையதன்று. நாவலில் பூத்தொடுக்கும் அந்த ஏழை இளைஞனே உண்மையில் கண்டராதித்தரின் மகன் என்பது இறுதியில் வெளிப்படுகிறது. அருள்மொழி அவனுக்கே முடி சூட்டுகிறான். படத்தில் பிள்ளை மாறிய கதை இல்லை, மதுராந்தகனே முடிசூடுகிறான். இது சரித்திரத்துக்கு நெருக்கமானது, குழப்பமும் குறைவு. ஆயினும் மலர்க்கூடை சுமந்த கையில் செங்கோல் வந்ததைக் கண்டு நாம் அடைந்த வியப்பு போய்விட்டது.

எனக்கு உடன்பாடில்லாதது ஒன்றே. கரிகாலன் எவ்வாறு இறந்தான்? உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாஸன் முதலியோரைத் துரோகிகள் என்று கூறி, அவர்களுடைய நிலம் பறிமுதலானதைச் சொல்கிறதே ஒழிய, கொலை நடந்த விதத்தைச் சொல்லவில்லை. கல்கி அந்த மௌனத்தை மதித்தார். கடம்பூர் மாளிகையில் விளக்கை அணைத்து, நம்மை இருளிலேயே நிறுத்தினார். திரைப்படமோ அறைக்குள் அழைத்துச் சென்று நடந்ததைக் காட்டிவிடுகிறது. நடிப்பு உயர்ந்தது, காட்சி நெஞ்சை உலுக்குகிறது. என்றாலும் எழுபது ஆண்டுகளாக வீட்டுக்கு வீடு நடந்த வழக்கில் ஒருவர் தீர்ப்பு வழங்கிவிட்டாற் போலாயிற்று.

இனி எங்கள் பகுதியைப் பற்றிச் சிறிது. 1956-இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் கேரளத்திலேயே அமைந்தன. இன்றும் அங்கே தமிழ்ப் பள்ளிகள் உண்டு. ஆனால் மலையாளமோ ஆங்கிலமோ படித்தால்தான் வேலை என்று எண்ணும் பெற்றோர் பலர். அதனால் வீட்டில் தமிழ் பேசி, எழுத்தறியாத பிள்ளைகள் பெருகிவருகின்றனர். உங்கள் வீடுகளிலும் இந்நிலை உண்டென்றே நினைக்கிறேன். இத்தகைய பிள்ளைகளுக்குப் 'பொன்னியின் செல்வன்' பூட்டிய பெட்டியாகவே இருந்தது. படம் அதைத் திறந்தது. மலையாள மொழிமாற்றமும் வெளிவந்தது. ஆழ்வார்க்கடியானாக வந்த ஜெயராமும் பூங்குழலியாக வந்த ஐஸ்வர்யா லெக்ஷ்மியும் கேரளத்துக்கு அறிமுகமானவர்களே. ஆயினும் தமிழிலேயே பார்க்கவேண்டுமென்று அடம்பிடித்த பிள்ளைகளை நான் அறிவேன். ஜெயமோகன் எழுதிய உரையாடல் பேச்சுவழக்குமன்று, கடுந்தமிழுமன்று. காதால் மட்டும் தமிழறிந்தவர்க்கும் எட்டக்கூடியது.

பொன்னி எங்களுக்கு அயலாளும் அல்லள். கேரளத்து ஆறுகளில் கிழக்கு நோக்கிப் பாய்பவை மூன்றே. அவற்றுள் பவானி எங்கள் அட்டப்பாடி வழியே செல்கிறது. பாம்பாறு இடுக்கி மாவட்டத்து மறையூர்ப் பக்கத்திலிருந்து இறங்கி அமராவதியை அடைகிறது. இரண்டும் முடிவில் காவிரிக்கே போய்ச் சேர்கின்றன.

மூணாற்றில் வளரும் என் தமக்கை மகன் மலையாளம் வழிப் படிப்பவன். இரண்டாம் படத்தைக் கண்டு வந்தவுடன், 'மாமா, புத்தகத்திலும் கரிகாலன் இப்படித்தான் இறக்கிறானா?' என்று கேட்டான். நான் விடை சொல்லவில்லை. சென்ற விடுமுறையில் அவனுக்கு அரிச்சுவடியும் முதற்பாகமும் வாங்கிக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி, நாளொன்றுக்கு ஒரு பக்கம் படிக்கிறான். படம் போர்க்களத்தில் தொடங்குகிறது. புத்தகமோ ஆடிப்பெருக்கன்று வீராணத்து ஏரிக்கரையில் குதிரைமீது வரும் வாலிபனுடன் தொடங்குகிறது. 'சண்டை எப்போது வரும்?' என்று முதல் வாரம் எழுதிக் கேட்டான். இப்போது அந்தக் கேள்வி நின்றுவிட்டது. ஆழ்வார்க்கடியானின் சச்சரவைக் கடந்து கடம்பூர் மாளிகையின் வாயிலுக்கு வந்திருக்கிறான். வந்தியத்தேவனை உள்ளே விடுவார்களா, மாட்டார்களா என்பதே அவனுக்கு இந்த வாரக் கவலை.