விதைநெல்லை விற்ற குழு

(‘இன்றைய வெற்றிக்காக நாளையை விற்கலாமா?’ என்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில் இடம்பெற்ற உரை)



பசி என்று வந்துவிட்டால் விதைநெல்லையும் குத்திச் சோறாக்கலாம். அன்றைக்கு வயிறு நிறையும். வீட்டில் சிரிப்பும் இருக்கும். ஆனால் மழை பெய்து பக்கத்து வயலில் நாற்று விடும்போதுதான், நம் குதிர் காலியாக இருப்பது தெரியவரும். இது கழனிக்கு மட்டுமே உரிய கதையல்ல. அமெரிக்கக் கூடைப்பந்து உலகில், பண பலமும் ஆள் பலமும் மிக்க ஒரு குழு இதே காரியத்தைச் செய்தது. அதன் விளைவு பத்து ஆண்டுகளுக்கு மேல் நீண்டது.

2013ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் தேதி இரவு. நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியிலுள்ள பார்க்லேஸ் சென்டர் அரங்கத்தில், என்.பி.ஏ. எனப்படும் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் புதிய ஆட்டக்காரர் தேர்வு நடந்துகொண்டிருந்தது. அந்த அரங்கத்தைத் தாயகமாகக் கொண்ட புரூக்ளின் நெட்ஸ் குழுவுக்கும் பாஸ்டன் செல்டிக்ஸ் குழுவுக்கும் இடையே அதே இரவில் ஒரு பேரம் முடிந்தது. எதிர்கால ஆட்டக்காரர்களை அழைத்து மேடையேற்றிய அந்தக் கட்டடத்தின் சொந்தக் குழு, அதே இரவில் தன் எதிர்காலத்தை விற்றது.

கடைசியில் வருபவருக்கு முதலிடம்

இந்தப் பேரம் புரிய வேண்டுமானால், அங்குள்ள முறை புரிய வேண்டும். நம் வட்டாரத்தில் பலரும் இங்கிலீஷ் பிரீமியர் லீக் காற்பந்தைப் பார்த்துப் பழகியவர்கள். அங்கே பட்டியலில் கடைசி மூன்று இடங்களில் முடிக்கும் குழுக்கள் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படும். என்.பி.ஏ.யில் அப்படி இல்லை. அங்கே தோற்ற குழுவைத் தள்ளிவிடுவதில்லை; தூக்கிவிடுகிறார்கள்.

30 குழுக்கள். ஆண்டுதோறும் இரண்டு சுற்றுகளில் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவற்றுக்கு உண்டு. இதைத்தான் ‘டிராஃப்ட்’ என்கிறார்கள். மோசமாக ஆடிய குழுவுக்கு முன்வரிசையில் தேர்வுரிமை கிடைக்கும். வேண்டுமென்றே தோற்பதைத் தடுக்க, 1985 முதல் குலுக்கல் முறையும் உண்டு. 2018 வரை, ஆகக் கடைசியில் முடித்த குழுவுக்கு முதல் தேர்வு விழும் வாய்ப்பு 25 விழுக்காடு. 2019 முதல், கடைசி மூன்று குழுக்களுக்கும் ஆளுக்கு 14 விழுக்காடு என்று குறைத்துவிட்டார்கள்.

இந்தத் தேர்வுரிமை ஒரு சரக்கைப் போன்றது. இன்னும் சில ஆண்டுகள் கழித்து வரப்போகும் உரிமையை இன்றே இன்னொரு குழுவுக்குக் கொடுத்து, பதிலுக்கு ஓர் ஆட்டக்காரரை வாங்கிக்கொள்ளலாம். அன்றைய தேதியில் அது வெறும் காகிதம். அதற்கு முகமில்லை, பெயரில்லை. அந்த உரிமையால் வரப்போகும் இளைஞன் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருக்கலாம். முகமில்லாத ஒன்றைக் கொடுத்து, உலகமறிந்த முகத்தை வாங்குவது இலாபம் என்று தோன்றுவது இயற்கைதான்.

கொடுத்தது என்ன? வாங்கியது என்ன?

நெட்ஸ் வாங்கிய முகங்கள் சாதாரணமானவை அல்ல. கெவின் கார்னெட், பால் பியர்ஸ் இருவரும் 2008இல் பாஸ்டனுக்கு வெற்றியாளர் பட்டம் வாங்கித் தந்தவர்கள். அவர்களோடு ஜேசன் டெரியும் வந்தார். ஆனால் அப்போது கார்னெட்டுக்கு வயது 37. மற்ற இருவருக்கும் 35.

பதிலுக்கு, சில ஆட்டக்காரர்களோடு, 2014, 2016, 2018 ஆகிய மூன்று ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுரிமைகளை நெட்ஸ் கொடுத்தது. ஏன் ஓராண்டு விட்டு ஓராண்டு? அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு முதல் சுற்றுத் தேர்வுரிமையே இல்லாமல் எந்தக் குழுவும் தன்னை வெறுமையாக்கிக்கொள்ளக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. 1980களில் கிளீவ்லாந்து குழுவின் உரிமையாளராக இருந்த டெட் ஸ்டெபியன், கண்மூடித்தனமாகத் தேர்வுரிமைகளை வாரிக் கொடுத்ததால் வந்த விதி அது. இன்றும் ‘ஸ்டெபியன் விதி’ என்றே அதற்குப் பெயர்.

விதி என்று ஒன்று இருந்தால் வழி என்று ஒன்றும் இருக்குமே! 2017ஆம் ஆண்டுக்கு ‘இடமாற்று உரிமை’ என்று எழுதிக் கொடுத்தார்கள். அதாவது, அந்த ஆண்டு நெட்ஸின் இடம் மேலானதாக இருந்தால் பாஸ்டன் அதை எடுத்துக்கொண்டு, தன் இடத்தை நெட்ஸுக்குக் கொடுக்கலாம். விதியின் எழுத்து காப்பாற்றப்பட்டது. அதன் நோக்கம் காற்றில் போனது. போதாததற்கு, ‘தேர்வு முதல் சில இடங்களுக்குள் வந்தால் எங்களுக்கே’ என்று குழுக்கள் வழக்கமாக வைத்துக்கொள்ளும் பாதுகாப்பு நிபந்தனைகூட இதில் இல்லை.

நெட்ஸின் உரிமையாளர் அப்போது ரஷ்யக் கோடீஸ்வரர் மிகாயில் புரோகரோவ். 2012இல்தான் குழு நியூஜெர்சியிலிருந்து புரூக்ளினுக்கு இடம் மாறியிருந்தது. புது ஊர், புது அரங்கம், புது இரசிகர்கள். உடனே வென்று காட்ட வேண்டும் என்ற அவசரம். ‘நாங்கள் மோசமாக ஆடினால் அல்லவா அந்த உரிமைக்கு மதிப்பு? நாங்கள்தான் மோசமாக ஆடப் போவதில்லையே’ என்ற நம்பிக்கை. இந்த நம்பிக்கையில்தான் கணக்கு தவறியது.

ஒரு கை தந்த மகிழ்ச்சி

நெட்ஸுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. 2014 மே 4ஆம் தேதி, டொராண்டோவுக்கு எதிரான ஏழாவது ஆட்டம். கடைசி நொடியில் எதிரணி ஆட்டக்காரர் கைல் லவுரி எறிய முயன்ற பந்தை பால் பியர்ஸின் கை தடுத்தது. 104-103. புரூக்ளின் வென்றது. அந்த ஒரு கைதான் அந்தப் பேரத்தில் கிடைத்த மிகப் பெரிய மகிழ்ச்சி.

அடுத்த சுற்றில் மயாமியிடம் 4-1 என்று தோற்றார்கள். நட்சத்திர ஆட்டக்காரர் புரூக் லோப்பஸ் பாத எலும்பு முறிந்து பருவத்தின் பெரும்பகுதி ஆடவில்லை என்பதும் உண்மை. கார்னெட் அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 6.5 புள்ளிகளே எடுத்தார். சம்பள வரம்பை மீறியதற்கான ஆடம்பர வரி மட்டும் சுமார் 90 மில்லியன் அமெரிக்க டாலர்.

பிறகு? டெரி சில மாதங்களிலேயே வேறு குழுவுக்குப் போனார். பியர்ஸ் ஒரே பருவத்தோடு விடைபெற்றார். கார்னெட் 2015 பிப்ரவரியில் மினசோட்டாவுக்குத் திரும்பினார். விருந்து சாப்பிட்டவர்கள் எழுந்து போய்விட்டார்கள். இலைக்கான பணம் இன்னும் கட்டப்படவில்லை.

கட்ட வேண்டிய காலம் வந்தது. 2015-16 பருவத்தில் 82 ஆட்டங்களில் 61 தோல்வி. அடுத்த பருவத்தில் 62. அதற்கடுத்து 54. மூன்று பருவங்களில் 177 தோல்விகள்.

தோல்வி என்பது விளையாட்டில் புதிதல்ல. ஆனால் மற்ற குழுக்களின் இரசிகனுக்கு ஓர் ஆறுதல் உண்டு. ‘தோற்றாலும் பரவாயில்லை, நல்ல பையன் ஒருவன் வருவான்’ என்று அவன் மனத்தைத் தேற்றிக்கொள்வான். புரூக்ளின் இரசிகனுக்கு அந்த ஆறுதலும் இல்லை. அவன் குழு தோற்கத் தோற்க, பாஸ்டனின் களஞ்சியம் நிறைந்தது.

நிறைந்த களஞ்சியம்

பாஸ்டன் என்ன செய்தது? 2016இல் நெட்ஸின் உரிமையைக் கொண்டு மூன்றாவது இடத்தில் ஜேலன் பிரவுனை எடுத்தது. 2017இல், பாஸ்டன் தன் வட்டாரப் பிரிவின் முதல் குழுவாக இருந்த அதே பருவத்தில், நெட்ஸின் பெயரால் குலுக்கலில் முதல் இடமும் விழுந்தது. அந்த முதல் இடத்தையும் பாஸ்டன் அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. பிலடெல்பியாவுக்குக் கொடுத்து, மூன்றாவது இடத்தையும் இன்னொரு எதிர்காலத் தேர்வுரிமையையும் வாங்கியது. அந்த மூன்றாவது இடத்தில் வந்தவர் ஜேசன் டேட்டம். 2018இன் உரிமை, கைரி இர்விங்கை வாங்கும் பேரத்தில் கிளீவ்லாந்துக்குப் போனது.

2024இல் பாஸ்டன் தனது 18ஆவது வெற்றியாளர் பட்டத்தை வென்றது. அந்தக் குழுவின் இரு தூண்கள் டேட்டமும் பிரவுனும். இறுதிச் சுற்றின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது பிரவுனுக்கு. 2013இல் வெறும் காகிதமாக இருந்தது, பதினொரு ஆண்டுகளில் கிண்ணமாக மாறியது.

பாஸ்டனுக்கும் அது வலிக்காமல் இல்லை. பியர்ஸ் அங்கே 15 பருவங்கள் ஆடியவர். அவரை அனுப்பிய அடுத்த பருவத்தில் பாஸ்டன் 57 ஆட்டங்களில் தோற்றது. அந்த வலியைப் பொறுத்துக்கொண்டதால்தான் விளைச்சல் கிடைத்தது.

விற்பதே தவறா?

அப்படியானால் தேர்வுரிமையை விற்கவே கூடாதா? அதுவும் சரியல்ல. அந்த 2013 தேர்விலேயே இதற்குச் சான்று இருக்கிறது. முதல் இடத்தில் தேர்வான அந்தோணி பென்னட் நிலைக்கவில்லை; நான்கு பருவங்களில் என்.பி.ஏ. வாழ்க்கை முடிந்தது. 15ஆவது இடத்தில் வந்த யானிஸ் அண்டெட்டோகவுன்போ, 2021இல் மில்வாக்கிக்குப் பட்டம் வென்று தந்தார். விதைத்ததெல்லாம் முளைப்பதில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பாஸ்டனின் நிர்வாகி டேனி ஏஞ்ச், 2007இல் இதே கார்னெட்டை வாங்குவதற்கு இளம் ஆட்டக்காரர்களையும் தேர்வுரிமைகளையும் கொடுத்தவர்தான். 24 வெற்றி பெற்ற குழு அடுத்த பருவத்தில் 66 வெற்றி பெற்றுப் பட்டமும் வென்றது. ஆள் ஒருவர்தான். ஆனால் வாங்கியபோது அவருக்கு வயது 31. விற்றபோது 37. அந்த ஆறு ஆண்டு இடைவெளியில்தான் வியாபாரத்தின் சூட்சுமமே அடங்கியிருக்கிறது.

ஆகவே தவறு விற்றதில் இல்லை. ஓராண்டு பயன் தரும் பொருளுக்கு ஐந்தாண்டு கழித்துக் கட்ட வேண்டிய கடனை வாங்கியதில்தான் தவறு. குழு தளர்ந்துபோகும் காலம் எதுவோ, அந்தக் காலத்தின் உரிமையையே அது விற்றுவிட்டது. எதிர்காலத் தேர்வுரிமையை விற்பவர் தம் சொந்த வீழ்ச்சியைத்தான் விலை பேசுகிறார். ‘நான் விழவே மாட்டேன்’ என்று நினைப்பவர் அதை மலிவாக விற்பார். ‘எல்லாரும் ஒருநாள் விழுவார்கள்’ என்று அறிந்தவர் அதைப் பொறுமையாக வாங்கி வைப்பார்.

பாடம் படித்தார்களா?

புரூக்ளின் தலை நிமிர்ந்தது உண்மை. 2016இல் பொறுப்பேற்ற ஷான் மார்க்ஸ், பிறர் ஒதுக்கிய ஆட்டக்காரர்களையும் கிடைத்த பின்வரிசைத் தேர்வுகளையும் கொண்டு, 2018-19 பருவத்தில் 42 வெற்றி பெறும் குழுவை உருவாக்கினார். கெவின் டுரண்டும் கைரி இர்விங்கும் தாமாகவே தேடி வந்தார்கள். ஆனால் 2021 ஜனவரியில், ஜேம்ஸ் ஹார்டனுக்காக மூன்று முதல் சுற்று உரிமைகளையும் நான்கு இடமாற்று உரிமைகளையும் அதே குழு மீண்டும் வாரிக் கொடுத்தது. 2023 பிப்ரவரிக்குள் மூவருமே போய்விட்டார்கள். பட்டம் வரவில்லை. விற்ற சொந்த உரிமைகளில் சிலவற்றை மீட்க, 2024இல் வேறு உரிமைகளை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

நேயர்களே, அவசரத்தில் இருப்பவர் இன்றைய விலையை மட்டும் பார்க்கிறார். கடன் கட்டும் நாளில் அவர் அந்த நாற்காலியில் இருப்பதில்லை. பேரத்தை முடித்த நிர்வாகி மாறுவார். வாங்கிய நட்சத்திரம் ஊர் மாறும். உரிமையாளரும் விற்றுவிட்டுப் போவார். மாறாமல் இருப்பவன் இரசிகன் ஒருவனே. காலியான குதிரைப் பார்த்தபடி, அடுத்த மழைக்காகக் காத்திருப்பவனும் அவன்தான்.

எந்தப் பேரத்திலும் கையெழுத்திடுவதற்கு முன்னால், இதை யார் கட்டப்போகிறார்கள், எப்போது கட்டப்போகிறார்கள் என்று ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது. கூடைப்பந்துக்கும் சரி, குடும்பத்துக்கும் சரி, அந்தக் கேள்வி பொருந்தும்.