நஞ்சறி நிபுணரும் மேற்கோள் கணக்கும்

ஓர் ஆராய்ச்சியாளரின் தகுதியை அறிய, அவருடைய கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டியுள்ளனர் என்று எண்ணிப் பார்க்கும் வழக்கம் இன்று எங்கும் பரவியிருக்கிறது. பதவி அளிப்போரும் மானியம் வழங்குவோரும் அந்த எண்ணைக் கேட்கின்றனர். நீதிமன்றத்துக்காக நஞ்சுகளை ஆராயும் நிபுணருக்கு இந்த அளவுகோல் பொருந்துமா என்பதை, ஒருவருடைய வாழ்க்கையைக் கொண்டு சிறிது நோக்குவோம்.

அவர் சுவீடன் தேசத்து எரிக் விட்மார்க். 1889-இல் பிறந்து 1945-இல் மறைந்தவர். லுண்ட் பல்கலைக் கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அவர் ஆராய்ந்த நஞ்சு பாஷாணமோ பாம்பின் விஷமோ அன்று. மதுவில் உள்ள சாராயமே. குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகப் பிடிபட்டவனை நேர்க்கோட்டில் நடக்கச் செய்தும், வாயை முகர்ந்து பார்த்துமே ஒரு காலத்தில் முடிவு கட்டினர். அம்முடிவு மருத்துவருக்கு மருத்துவர் மாறுபட்டதில் வியப்பில்லை.

1922-இல் விட்மார்க் வெளியிட்ட முறைக்கு, விரல் நுனியைக் குத்தி எடுத்த, கிராமில் பத்தில் ஒரு பங்கு இரத்தமே போதுமானதாக இருந்தது. மூடிய குடுவைக்குள் தொங்கும் சிறு கிண்ணத்தில் இரத்தம். அடியில் கந்தகாமிலத்தில் கரைந்த பொட்டாசியம் டைக்ரோமேட். குடுவையை வெதுவெதுப்பில் வைத்தால் சாராயம் ஆவியாகிக் கீழே உள்ள திரவத்தில் சேர்ந்து, டைக்ரோமேட்டில் ஒரு பகுதியைச் செலவழிக்கிறது. மிச்சத்தை அளந்தால் சாராயத்தின் அளவு தெரிந்துவிடும். எளிய ஏற்பாடுதான், ஆயினும் அபிப்பிராயம் இருந்த இடத்தில் ஓர் எண் வந்து அமர்ந்தது. 1936-இல் நார்வேயும், 1941-இல் சுவீடனும் இரத்தத்தில் இவ்வளவுக்கு மேல் சாராயம் இருந்தால் குற்றம் என்று சட்டத்திலேயே எண்ணைக் குறித்தன. நம் நாட்டு 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 30 மில்லிகிராம் என்கிறது.

மேற்கோளை எண்ணும் கலையோ நீதிமன்றத்திலிருந்தே விஞ்ஞானத்துக்கு வந்தது. எந்தத் தீர்ப்பைப் பின்வந்த எத்தீர்ப்புகள் எடுத்தாண்டன என்று வழக்கறிஞருக்குக் காட்டும் ‘ஷெப்பர்டு’ அட்டவணை அமெரிக்காவில் 1873-இல் தொடங்கியது. அதை முன்மாதிரியாகக் கொண்டே யூஜின் கார்ஃபீல்டு, விஞ்ஞானக் கட்டுரைகளுக்கும் அத்தகைய அட்டவணை வேண்டும் என்று 1955-இல் எழுதினார். 1964-இல் அதை நடைமுறைக்கும் கொண்டுவந்தார். ஆனால் அந்த அட்டவணை கணக்கிடுவது பத்திரிகைக் கட்டுரைகளையே. சாட்சிக் கூண்டில் நின்ற நிபுணர் விட்மார்க்கின் வாய்பாட்டைச் சொல்லி, நீதிபதி அதை ஏற்று, ஒருவன் சிறைக்குச் சென்றால், அது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. மேலும் இத்துறையில் எழுதுவோர் சிலரே. மேற்கோள் காட்டுவோரும் அவர்களுள் அடங்கியவரே. புற்றுநோய் ஆராய்ச்சியாளர் ஒருவரின் எண்ணோடு இவர்களுடைய எண்ணை ஒப்பிடுவது, ஆற்று மீனையும் கிணற்று மீனையும் ஒரே வலையால் எண்ணுவதாகும்.

வேறொரு விசித்திரமும் உண்டு. ஒரு கண்டுபிடிப்பு எல்லாருக்கும் பொதுச்சொத்தாகிவிட்டால், கண்டவருடைய கட்டுரையை எவரும் குறிப்பிடுவதில்லை. இதைச் சமூகவியல் அறிஞர் இராபர்ட் மெர்ட்டன் எடுத்துக்காட்டினார். ‘விட்மார்க் காரணி’ என்று பெயரை மட்டும் எழுதிவிட்டு மேலே செல்பவருக்கு மூலநூலின் நினைவு எதற்கு?

மொழிபெயர்ப்பே தொழிலாக உள்ள எமக்கு அம்மூலநூலின் கதையில் தனி அக்கறை உண்டு. 1932-இல் பெர்லினில் அது ஜெர்மன் மொழியில் வெளியாயிற்று. ஆங்கிலத்தில் வந்தது 1981-இல்; இடையே 49 ஆண்டுகள். ஆசிரியர் மறைந்தே 36 ஆண்டுகள் ஆகியிருந்தன. மொழிபெயர்ப்பாளருக்கு மேற்கோள் கணக்கில் என்ன பங்கு என்று நாம் கேட்கப் போவதில்லை. கேட்டால் தொழிற்பற்று என்பீர்கள்! ஜெர்மன் அறியாதவர் அத்தனை காலமும் பிறர் எடுத்தெழுதிய சுருக்கத்தையே நம்ப வேண்டியிருந்தது என்பதே எமது கவலை.

சுருக்கத்தில் எஞ்சுவது சராசரி. விட்மார்க் 20 ஆண்களையும் 10 பெண்களையும் சோதித்தார். குடித்த சாராயத்தைக் கிராமில் எடுத்து, உடலின் எடையாலும் ஒரு காரணியாலும் வகுத்தால், ஒரு கிலோகிராம் இரத்தத்தில் உள்ள அளவு கிடைக்கும். மணிக்கு ஏறத்தாழ 0.15 கிராம் வீதம் அது குறையும். காரணி ஆணுக்கு 0.68, பெண்ணுக்கு 0.55. இவை சராசரிகள். ஆண்களிடையே அக்காரணி 0.51 முதல் 0.85 வரை வேறுபட்டதை நூல் மறைக்கவில்லை.

இரத்தம் பல மணி கழித்து எடுக்கப்பட்ட வழக்கிலும், குடித்த அளவு மட்டும் தெரிந்த வழக்கிலும் இக்கணக்கையே நாட வேண்டியிருக்கிறது. 70 கிலோகிராம் எடையுள்ள இருவர் ஒரே வேளையில் 30 கிராம் சாராயம் உட்கொண்டனர் என்று கொள்வோம். சராசரிப்படி, இரண்டு மணி நேரம் சென்றபின் இருவர் இரத்தத்திலும் கிலோகிராமுக்கு 0.33 கிராம் இருக்கும். நம் சட்டத்தின் எல்லை எடைக் கணக்கில் சுமார் 0.28, ஆகவே இருவரும் குற்றவாளிகள். காரணி 0.51 உடையவனுக்கோ அப்போது 0.54 இருக்கும், 0.85 உடையவனுக்கு 0.20-தான் இருக்கும். முன்னவன் எல்லையைத் தாண்டியவன், பின்னவன் தாண்டாதவன். இவ்வேறுபாடு 1932-ஆம் ஆண்டின் அந்த நூலிலேயே அச்சாகியிருக்கிறது.