இரட்டை உருளையின் கவர்ச்சி

மாலை ஐந்து மணிக்கு வெள்ளவத்தைக் காலி வீதியில் ஓடும் வாகனங்களை எண்ணத் தொடங்குபவர் விரைவிலே களைத்துப்போவார். பஸ் வண்டிகளும் முச்சக்கர வண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் ஒன்றையொன்று உரசாத குறையாக நகர்ந்துகொண்டிருக்கும். மோட்டார் சைக்கிள்களுட் பெரும்பாலானவை 100 முதல் 150 கன சென்றிமீற்றர் கொள்ளளவுடைய சிறிய எந்திரங்களைக் கொண்டவை. அவற்றின் ஒலி ஒருவர் காதிலும் தங்குவதில்லை. ஆனால், எப்போதோ ஒருமுறை அந்தக் கூட்டத்தினிடையே கனத்த குரலொன்று எழும். தேநீர்க் கடையில் நிற்பவர்கள் பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்ப்பார்கள். வீ வடிவ இரட்டை உருளை எந்திரம் பூட்டிய பெரிய மோட்டார் சைக்கிள் அது.

இந்தக் கவர்ச்சிக்குக் காரணம் யாது? வெறும் ஆடம்பரமா? அன்றி அறிவுக்குப் பொருந்தும் நியாயம் ஏதேனும் உண்டா?

எந்திரத்தின் அமைப்பை முதலிற் காண்போம். உருளைகள் இரண்டு, கீழே ஒன்றாய்ச் சேர்ந்து மேலே விரிந்து, வீ என்னும் ஆங்கில எழுத்தைப்போல் நிற்கின்றன. இரண்டுக்கும் சுழல்தண்டு ஒன்றே. 1889-ஆம் ஆண்டிலேயே ஜேர்மனியில் டைம்லரும் மேபாக்கும் இவ்வகை எந்திரமொன்றை ஆக்கினர். அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் நிறுவனத்தார் 1909-இல் தம் முதல் இரட்டை உருளை வண்டியை வெளியிட்டபோது, உருளைகளுக்கிடையே 45 பாகை கோணம் அமைத்தனர். அக்கோணத்திலேதான் அந்தப் புகழ்பெற்ற ஒலியின் இரகசியம் அடங்கியிருக்கிறது. ஓர் உருளையில் வெடிப்பு நிகழ்ந்து 315 பாகை சுழன்றதும் மற்றதில் நிகழும். அடுத்த வெடிப்புக்கு 405 பாகை சுழலவேண்டும். இடைவெளி ஒன்று குறுகியும் மற்றொன்று நீண்டும் இருப்பதால், எந்திரத்தின் ஓசை மனித இதயத்தின் துடிப்பை ஒத்திருக்கிறது. கேட்பவர் மனம் அதனோடு இசைந்துவிடுவதில் வியப்பில்லை.

ஓசை மட்டுமே சிறப்பன்று. இரண்டு உருளைகளும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால், எந்திரத்தின் அகலம் ஒற்றை உருளை எந்திரத்தினதைவிடச் சிறிதே கூடியது. வண்டி செலுத்துவோனின் முழங்கால்களுக்கிடையே அது அடங்கிவிடும். மேலும், மெதுவாகச் சுழலும்போதே அது மிகுந்த இழுவிசையைத் தருகிறது. பம்பலப்பிட்டிச் சந்தியில் பஸ்ஸின் பின்னால் ஊர்ந்து செல்லும்போதும், கண்டி வீதியிலே கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறும்போதும் அடிக்கடி கியர் மாற்றவேண்டிய தொல்லை இல்லை. எந்திரம் முனகாமலே சுமையை ஏற்றுக்கொள்ளும்.

எல்லாப் பணிக்கும் ஒரே வண்டி என்னும் கனவை நனவாக்க முயன்றவர்களில் இங்கிலாந்தின் பிலிப் வின்சென்டும், அவரிடம் பணியாற்றிய அவுஸ்திரேலியப் பொறியியலாளர் பில் இர்விங்கும் தலைசிறந்தவர்கள். ஒற்றை உருளை எந்திரத்தின் வரைபடங்கள் இரண்டு ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடக்கக் கண்டபோதே இரட்டை உருளை எண்ணம் இர்விங்கிற்குத் தோன்றியது என்பர். 1936-இல் 998 கன சென்றிமீற்றர் கொண்ட ரப்பிட் வண்டி பிறந்தது. போருக்குப் பின் 1946-இல் அது திருத்திய வடிவம் பெற்றது. சக்கரத்தைக் கழற்றத் தனிச் சாவி தேவையில்லை; கையாலேயே கழற்றலாம். பின் சக்கரத்தைத் திருப்பிப் பூட்டினால், பக்கப் பெட்டி இழுப்பதற்கேற்ற பல் விகிதம் கிடைக்கும். வார நாட்களில் உத்தியோகத்துக்கும், ஞாயிறன்று பக்கப் பெட்டியிலே மனைவி மக்களை ஏற்றி உலாவவும் அதே வண்டி உதவியது. ஆயினும் விலை உயர்வாயிருந்தது. வாங்குவோர் தொகை குறைந்தது. 1955-ஆம் ஆண்டின் இறுதியோடு வின்சென்ட் மோட்டார் சைக்கிள் உற்பத்தி நின்றது.

இவ்வகை எந்திரத்தின் உழைப்புக்கு டெல்லி மாநகரம் மற்றொரு சாட்சி. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், படையினர் விட்டுச்சென்ற ஹார்லி வண்டிகளின் பின்னே பயணிகள் அமரும் கூடு பொருத்தி, பட்பட்டி என்னும் பெயரில் ஓடவிட்டனர். போர்க்களத்துக்கென ஆக்கிய எந்திரங்கள், 1990-களின் பிற்பகுதியில் புகைக்கெதிரான தடை வரும்வரை, பல பத்தாண்டுகள் ஏழைகளைச் சுமந்தன.

இனி மறுபக்கத்தையும் நோக்கவேண்டும். வெள்ளவத்தையில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். மகன் கொட்டாஞ்சேனையில் கணக்கர். நாளொன்றுக்குப் போகவர ஏறக்குறைய 20 கிலோமீற்றர் ஓடவேண்டும். அவன் பெரிய இரட்டை உருளை வண்டியொன்றின்மீது ஆசை வைத்துவிட்டான்.

“தம்பி, 2022-ஆம் ஆண்டை மறந்துவிட்டாயா?” என்று தந்தையார் கேட்கிறார்.

மறக்கக்கூடிய ஆண்டா அது! பெற்றோல் நிலையங்களின் முன்னே நாட்கணக்கில் வரிசைகள் நின்றன. பின்னர் அட்டை முறை வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று அளந்து கொடுத்தனர். லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் சிறிய வண்டி அந்த 4 லீற்றரில் 200 கிலோமீற்றர் ஓடும். 20 கிலோமீற்றர் மட்டும் ஓடும் பெரிய வண்டியோ 80 கிலோமீற்றரில் நின்றுவிடும். வியாழக்கிழமையோடு மகனின் பயணம் முடிந்திருக்கும். வெள்ளிக்கிழமை அவன் பஸ்ஸுக்கே காத்திருந்திருப்பான்.

“இப்போது அந்தக் கட்டுப்பாடு இல்லையே, அப்பா” என்கிறான் மகன்.

“கட்டுப்பாடு போய்விட்டது. பாடமும் போய்விடவேண்டுமா?”

தந்தையின் கணக்கு அத்துடன் முடியவில்லை. இத்தகைய வண்டியின் எடை பெரும்பாலும் 200 கிலோகிராமைத் தாண்டும். நிற்கும் வண்டியைத் தள்ளுவதே பெரும்பாடு. காற்றுக் குளிர்ச்சியை நம்பிய எந்திரமாயின், முன்னுருளையின் மறைவில் நிற்கும் பின்னுருளைக்குக் காற்று குறைவு. கொழும்பு வெயிலில் நெரிசலில் நிற்கும்போது அந்தச் சூடு செலுத்துவோனின் தொடையைச் சுடும். வெள்ளவத்தைக் கடற்காற்றின் உப்பு, துடைக்காமல் விட்ட உலோகத்தை அரிக்கும். அதிவேக நெடுஞ்சாலைகளிலோ மோட்டார் சைக்கிள்களுக்கு இடமேயில்லை. உதிரிப் பாகம் தேடிப் பஞ்சிகாவத்தை முழுவதும் அலைந்தாலும், சிறிய வண்டிக்குக் கிடைப்பதுபோல் எளிதிற் கிடைக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டு வாயிலில் நின்று மகனின் வரவை நோக்கும் தாயின் அச்சத்துக்கு விலை கூற யாரால் இயலும்?

இவையெல்லாம் உண்மையே. எனினும், மகன் விரும்புவதும் பொய்யன்று. அவன் வேகத்தை நாடவில்லை. உத்தியோகத்துக்கும் கடைத்தெருவுக்கும் கண்டி மலைக்கும் ஒருசேர உதவும் கருவியை, தன் கையாற் கழற்றித் துடைத்துப் புரிந்துகொள்ளக்கூடிய கருவியைத்தான் நாடுகிறான். ஆற்றல் நிரம்ப இருந்தும் அமைதியாகச் செல்லும் தன்மையே இவ்வண்டியின் உயர்ந்த அழகு. எண்பது மைல் வேகத்தில் பறக்கவல்ல எந்திரம் இருபது மைல் வேகத்தில் பதறாமற் செல்லும்போது அதில் ஒரு பெருந்தன்மை தோன்றுகிறது.

அந்தப் பெருந்தன்மை வண்டிக்கு மட்டும் இருந்தாற் போதாது; செலுத்துபவனுக்கும் வேண்டும். அன்றாடப் பயணத்துக்குச் சிறிய வண்டியை வைத்துக்கொண்டு, பெரிய வண்டியை வாங்கும் வசதி வரும்வரை பொறுத்திருப்பவன் அந்தப் பாடத்தின் முதற் பகுதியைக் கற்றவனாவான். வாங்கிய பின்னும் தலைக்கவசம் அணிந்து, ஆற்றலை அடக்கி, பாதசாரிக்கு வழிவிட்டுச் செல்பவன் மறு பகுதியையும் கற்றவனாவான். அத்தகைய ஒருவன் காலி வீதியிலே கடந்து செல்லும்போது, தேநீர்க் கடையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவன் தாயும் அச்சமின்றி அந்த ஒலியை அடையாளம் கண்டு, அடுப்பில் உலை வைப்பாள்.