அடுத்த அத்தி வரதர் வரும்போது

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை)



என் சொந்த ஊர் திருப்புட்குழி. காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டிய சின்ன ஊர். ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த இடம் என்பது எங்கள் ஊர்த் தலபுராணம். குழந்தையில்லாத பெண்கள் வறுத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு இரவு படுப்பார்கள். காலையில் முளை விட்டிருந்தால் தாயார் அருளால் பிள்ளை பிறக்கும் என்பது நம்பிக்கை. என் அம்மாவும் அப்படிப் படுத்துத்தான் நான் பிறந்தேனாம். சிரிக்காதீர்கள், மேடையில் நிற்கிறேனே, சாட்சி!

2019 ஜூலையில் என் மூன்று வயது மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு காஞ்சியில் அத்தி வரதரைத் தரிசிக்கப் போனேன். 1979-ல் என் ஆயா இதேபோல என் அப்பாவைக் கூட்டிப்போனார்கள். நாற்பது வருஷம் குளத்துக்குள் இருப்பவர் அவர். அடுத்து 2059-ல்தான் வருவார். அன்று என் மகளுக்கு 43 வயது. எனக்கு எழுபதைத் தாண்டியிருக்கும், இருந்தால்.

இந்த நாற்பது வருஷக் கணக்கை வைத்துக்கொண்டு இன்னொரு கணக்குப் போட்டேன். காற்றில் பத்து லட்சம் பங்கில் கரியமில வாயு எவ்வளவு? 1939-ல் வரதர் வந்தபோது சுமார் 310. 1979-ல் 337. 2019-ல் 411. முதல் நாற்பதில் கூடியது 27, அடுத்த நாற்பதில் 74! உலகம் முழுக்க அளந்த வரையில் 2024-தான் மிக வெப்பமான ஆண்டு. 2059-க்கு என்ன எண் வரும் என்பது நம் கையில் இருக்கிறது.

கணக்கு வேறு, வீட்டுக்குள் வருவது வேறு. 2024 ஏப்ரலில் ஒரு நாள் என் மகள் பள்ளியிலிருந்து தலைவலியோடு வந்தாள். வந்ததும் வாந்தி. டாக்டர் பார்த்துவிட்டு, "உடம்பில் தண்ணீரே இல்லை சார்" என்றார். பாட்டிலில் காலையில் ஊற்றிய தண்ணீர் அப்படியே இருந்தது.

"ஏம்மா குடிக்கல?"

"குடிச்சா பாத்ரூம் போகணும்பா. அங்க ஒரே நாத்தம்."

டாக்டர் இன்னொரு கேள்வி கேட்டார்: "வகுப்பறைக்குக் கூரை என்ன சார்?" தகர ஷீட். அந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஏனென்றால், நண்பர்களே, பன்னிரண்டு வருஷமாக என் பிழைப்பே தகரக் கூரை ஷெட்டுக்கு டிசைன் போடுவதுதான். காற்று எவ்வளவு தாங்கும், மழை எவ்வளவு தாங்கும் என்று பார்த்திருக்கிறேன். உள்ளே நிற்கிற மனுஷன் எவ்வளவு தாங்குவான் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

குழந்தை சின்ன சைஸ் பெரியவர் இல்லை. எடைக்கு எடை பார்த்தால் அதன் தோல் பரப்பு அதிகம், வெளிச்சூடு சீக்கிரம் ஏறும். விளையாட்டு மும்முரத்தில் தாகம் தெரியாது. நம் பக்கம் காற்றில் ஈரப்பதமும் அதிகம், வியர்வை ஆறாது. அதனால் டிகிரி குறைவாக இருந்தாலும் உடம்பு படும் பாடு குறைவதில்லை.

தண்ணீரையும் பாருங்கள். வரதர் வந்த அதே 2019 ஜூலையில்தான் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் போனது. இரண்டே வருஷம் கழித்து 2021 நவம்பரில் எங்கள் பாலாற்றில் பெருவெள்ளம். பஞ்சம் வந்தால் வீட்டுக்கு வீடு டிரம்மில் தண்ணீர் பிடித்து வைப்போம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது அந்த நல்ல தண்ணீரில்தான். சூடு கூடினால் கொசுவும் சீக்கிரம் வளரும், அதன் உடம்பில் கிருமியும் சீக்கிரம் பெருகும். மழை வந்தாலோ நெசவாளி வீட்டில் தறிக்குழியில் தண்ணீர் ஊறும், தறி நிற்கும், சம்பாத்தியம் நிற்கும். அப்புறம் பிள்ளைக்குப் பால் எங்கிருந்து வரும்?

அரசு சும்மா இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். 2023-ல் வெயிலால் பள்ளி திறப்பை இரண்டு முறை தள்ளி வைத்தார்கள். 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தார்கள். 2025-ல் பள்ளிகளில் தண்ணீர் குடிக்க மணி அடிக்கச் சொன்னார்கள். நல்லது. ஆனால் மணி அடித்தால் மட்டும் என் மகள் குடிக்க மாட்டாள். கழிப்பறை சுத்தமாக இருந்தால் குடிப்பாள்.

வசதியுள்ளவர்கள் பிள்ளைக்கு ஏ.சி. அறை தேடிவிடுவோம். நானும் தேடினேன், மறைக்கவில்லை. ஆனால் அந்த ஏ.சி. உள்ளே குளிர்ந்து வெளியே சூட்டைத்தானே தள்ளுகிறது? வெளியே நிற்பதும் யாரோ பெற்ற பிள்ளைதான்.

அதனால் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நுழைவாயில் வளைவு கட்ட நிதி சேர்த்திருக்கிறோம். அந்த வளைவு ஒரு வருஷம் பொறுக்கட்டும். சுற்றுவட்டார அரசுப் பள்ளிகளில் ஆளுக்கொன்றை ஒவ்வொரு பேட்சும் எடுத்துக்கொள்வோம். மூன்றே வேலை. ஒன்று, கூரைக்கு வெள்ளைப் பூச்சு. நம் தாத்தா காலத்தில் மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடித்த அதே தத்துவம். வெயிலைத் திருப்பி அனுப்பும், உள்ளே இரண்டு மூன்று டிகிரியாவது குறையும். இரண்டு, தண்ணீர் வரும் குழாயும் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறையும். மூன்று, தொட்டிக்கு இறுக்கமான மூடி. தம்பி தங்கைகளே, பூச்சுக்கு முன்னும் பின்னும் வகுப்பறையில் தெர்மாமீட்டர் தொங்கவிட்டு நீங்கள் குறித்துக்கொடுங்கள். அதுவே உங்கள் புராஜெக்ட் ஆகட்டும்.

வெள்ளை அடித்தால் கரியமில வாயு குறைந்துவிடுமா என்று கேட்பீர்கள். குறையாது. அது பெரிய சண்டை. நிலக்கரி, டீசல், மின்சாரம் என்று நாம் வேலை பார்க்கிற ஒவ்வொரு கம்பெனியிலும், நாம் கையெழுத்துப் போடுகிற ஒவ்வொரு டிராயிங்கிலும் நடக்க வேண்டிய சண்டை. வயதான ஜடாயு ஜெயித்துவிடுவோம் என்றா ராவணனை வழிமறித்தார்? கண் முன்னால் நடந்ததைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

வறுத்த பயறை முளைக்க வைப்பது தாயார் பாடு. முளைத்ததை வாடாமல் காப்பது நம் பாடு. 2059-ல் என் மகள் தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரதரைப் பார்க்கப் போகும்போது, "தெரிஞ்சிருந்தும் எங்கப்பா சும்மா இருந்தார்" என்று சொல்லக்கூடாது. எனக்கு அது போதும்.