குருவாய் வரும் இறைவன்



திருமயிலைப் பங்குனிப் பெருவிழாவின் 8ஆம் நாளில் அறுபத்துமூவர் திருவுலாவைக் கண்டு மகிழ்கிறோம். அருகிலுள்ள சாந்தோமில், இயேசுபிரான் அனுப்பிய திருத்தூதராகத் தோமையாரைக் கிறித்தவர் போற்றுகின்றனர். நபிகள் நாயகம் இறைவன் அருளிய வேதத்தை மக்களுக்கு அறிவித்த தூதர் என்றும், வணக்கத்துக்குரியவன் இறைவன் ஒருவனே என்றும் இசுலாமியர் கொள்வர்.

தூதர் இறைவனின் சொல்லைக் கொணர்பவர். சைவமோ, பக்குவமுற்ற உயிருக்கு இறைவனே குருவடிவில் வந்து உணர்த்துகிறான் என்கிறது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் 8ஆம் சூத்திரத்தின் கருத்து இதுவே. திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் மணிவாசகர் ஆட்கொள்ளப்பட்ட வரலாறு இதற்குச் சான்று.

ஆயின், தம்மைக் குரு என்பார் பலராயின் யாரை நம்புவது? நபிகள் நாயகம் தம்மை வணங்கச் சொல்லவில்லை. தோமையார் தம் ஆண்டவரையே காட்டினார். அவ்வாறே, தம்மை மறைத்துச் சிவத்தைக் காட்டுபவரே நமக்குக் குரு. அக்குருவருள் வாய்க்கக் கபாலீசர் திருவடியை வேண்டுவோமாக.

திருச்சிற்றம்பலம்.