கடல்மேடையில் ஒரு மின்தடை



வட கடலின் நடுவே உருக்குக் கால்களில் நிற்கும் எண்ணெய் மேடை ஒன்றை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். எண்ணெயை இறைக்கும் பம்பிகளுக்கும், வாயுவை அமுக்கும் பொறிகளுக்கும், அங்கு உறங்குவோரின் அறை விளக்குகளுக்கும் மின் வேண்டும். நோர்வேயின் துரோல் ஏ மேடைக்கு 1996ஆம் ஆண்டிலிருந்து கரையிலிருந்தே கடலடி வடத்தின்வழி மின் செல்கின்றது. அவ்வாய்ப்பற்ற மேடைகள் வாயுச் சுழலிகளால் ஓடும் தமது மின்பிறப்பாக்கிகளையே நம்பியுள்ளன. அவற்றுள் ஒன்று பழுதுற்றால் பட்டறைக்கு எடுத்துச்செல்வது எளிதன்று. கப்பல் வேண்டும், பாரந்தூக்கி வேண்டும், கடல் அமைதியாகவும் இருத்தல் வேண்டும்.

மின்பிறப்பாக்கியின் மூன்று சுருள்களும் ஒருங்குகூடும் இடத்தை நொதுமற் புள்ளி என்பர். அதனைப் புவியுடன் எங்ஙனம் தொடுப்பது என்பதே நம் வினா. கடலிற் புவி ஏது என்று கேட்பீர்கள். மேடையின் உருக்குச் சட்டகமே அங்கு புவி. அதன் கால்கள் உவர்நீரில் நிற்பதால், வறண்ட பாறைநிலத்திற் கிடைப்பதைவிட அது நல்ல புவி.

நொதுமற் புள்ளியை நேரே சட்டகத்துடன் பிணைத்துவிட்டால், ஒரு சுருளின் காவலி கிழிந்து கம்பி இரும்பைத் தொட்டவுடன் பல்லாயிரம் அம்பியர் பாயக்கூடும். சுருளை மாற்றிவிடலாம். ஆனால் அது கிடக்கும் மெல்லிய இரும்புத் தகடுகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், பொறியைக் குடைந்தெடுத்துத் தகடுகளை மீள அடுக்கவேண்டியதாகும்.

அப்படியாயின் பிணைக்காமலே விட்டால் என்ன? பழுதின் ஓட்டம் சிறிதாகும் என்பது உண்மை. ஆயினும் வடங்களின் கொள்ளளவத்தினூடாகச் சிறிது ஓட்டம் சென்றே தீரும். அப்பொறி விட்டுவிட்டு எரியுமாயின், பழுதற்ற கம்பிகளில் அழுத்தம் இயல்பினும் சில மடங்கு ஏறிவிடலாம். யேர்மனியரான வால்டெமர் பீற்றர்சன் முதல் உலகப்போர்க் காலத்திலேயே இதனை விளக்க முனைந்தார். ஓரிடத்துப் பழுது வேறோரிடத்துக் காவலியையும் கெடுப்பது இவ்வாறுதான்.

எனவே இடையே ஒரு மின்தடையை வைக்கின்றனர். 11,000 உவோற்று அமைப்பில் ஒரு கம்பிக்கும் புவிக்குமிடையே ஏறத்தாழ 6,350 உவோற்று. ஓட்டத்தை 200 அம்பியரில் நிறுத்த ஏறக்குறைய 32 ஓம் தடை போதும். அத்தடை பத்துச் செக்கன் தாங்கவேண்டுமாயின், அந்நேரத்தில் அதிற் பிறக்கும் வெப்பம் 20 பாகையிலுள்ள 38 லீற்றர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும்! அதனாற்றான் அதனைக் கறையில் உருக்கால் ஆக்கிக் காற்றோட்டமுள்ள பெட்டியில் வைக்கின்றனர்.

சிக்கல் இனித்தான் தொடங்குகிறது. நான்கு பொறிகள் இணைந்தோட, ஒவ்வொன்றுக்கும் இத்தகைய தடை இருப்பின், பழுதிற் பாய்வது 800 அம்பியர். ஒன்றுக்கு மட்டும் தடை வைத்தால், அப்பொறி நின்றவுடன் மேடை முழுவதும் புவித்தொடர்பை இழக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். பொறியின் உள்ளேயே பழுது நேரின் சுற்றுடைப்பான் திறந்துகொள்ளும். ஏனைய பொறிகளின் பங்கு அத்துடன் அறும். ஆனால் பழுதுற்ற பொறியின் காந்தப்புலம் உடனே அடங்காது. சில செக்கன்களுக்கு அது தன் நொதுமலினூடாகத் தன்னையே எரித்துக்கொண்டிருக்கும். கேட்டின் பெரும்பகுதி சுற்றுடைப்பான் திறந்த பின்னரே நிகழக்கூடும்.

இதற்கு நான் சிறந்ததாகக் கருதும் ஏற்பாடு இது: ஒவ்வொரு பொறியின் நொதுமலிலும் 5 முதல் 10 அம்பியர் மட்டும் விடும் பெருந்தடை, நூற்றுக்கணக்கான அம்பியர் விடும் சிறுதடையோ பொதுச்சட்டத்தில், புவித்தொடுப்பு மாற்றியொன்றின்வழி. வடங்களிற் பழுது நேரின் காவற்கருவிகள் அதனை இனங்காண வேண்டிய ஓட்டம் பொதுச்சட்டத்திலிருந்து கிடைக்கும். பொறியிற் பழுது நேரின், சுற்றுடைப்பான் திறந்தபின் எஞ்சுவது சில அம்பியர்களே. பெருந்தடையின் ஓட்டம் மாத்திரம், பொறி தனித்து நிற்கையில் அதனோடிணைந்த வடத்தின் கொள்ளளவ ஓட்டத்திலும் குறைதலாகாது. குறைந்தால் முன்சொன்ன அழுத்த ஏற்றம் மீண்டும் தலைகாட்டும்.

உப்புக்காற்றும் அதிர்வும் தடையின் இணைப்பொன்றை அறுத்துவிட்டால், எந்த விளக்கும் அணையாது; எந்த மணியும் ஒலிக்காது. அடுத்த பழுது வரும்வரை அது யாருக்கும் தெரியாது. ஆகவே பெட்டியைத் திறந்து ஓம்களை அளந்து பார்ப்பதும், தடையின் தொடர்ச்சியை ஓயாது கண்காணிக்கும் சிறு கருவியொன்றைப் பொருத்துவதும் அங்குள்ள மின்னியலாளரின் வேலை.