ஸ்டியரிங்கில் ஆட்டம் கண்டால்



சிங்கப்பூரில் தேக்காவை அடுத்த ஜாலான் புசார் வட்டாரத்தில் ஒரு காலத்தில் மோட்டார் பட்டறைகளும் உதிரிப்பாகக் கடைகளும் நிறைந்திருந்தன. பக்கத்திலேயே சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை இருந்தது. அச்சந்தை 2017ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் மூடப்பட்டது. ஆனால் பழைய கார்கள் மறைந்துவிடவில்லை. 35 வயதைத் தாண்டிய கார்களைத் தனித் திட்டத்தின்கீழ்ப் பதிவுசெய்து, ஆண்டுக்கு 45 நாட்கள் வரை ஓட்ட அங்கே அனுமதி உண்டு.

அதிகம் ஓடாத வண்டி தேயாது என்று சிலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. நின்ற இடத்திலேயே கிரீஸ் இறுகிப் போகிறது. வெயிலிலும் ஈரக்காற்றிலும் ரப்பர் உறைகள் வெடிக்கின்றன. வெடிப்பு வழியே தண்ணீரும் மண்ணும் புகுந்து இணைப்புகளை அரிக்கின்றன.

நம் பெரியவர்கள் நன்கறிந்த மோரிஸ் மைனர் காரை எடுத்துக்கொள்வோம். 1948 முதல் 1971 வரை 16 இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட கார் அது. அதன் முன்சக்கரம் திரும்பும் கிங்பின்னின் முனைகளில் மரை உண்டு. அந்த மரைக்கு கிரீஸ் தவறாமல் வேண்டும். கிரீஸ் இல்லாமல் மரை தேய்ந்துபோனால், ஒருநாள் பிணைப்பு கழன்று சக்கரம் மடிந்து விழும். அந்தக் காரை வைத்திருப்போர் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான்.

சரி, தேய்மானத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதலாவது, வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களை நேராக வையுங்கள். ஸ்டியரிங் விளிம்பில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு மெதுவாகத் திருப்புங்கள். முன்சக்கரம் அசையத் தொடங்கும்வரை அந்தக் கோடு எவ்வளவு நகர்கிறது என்று அளந்து பாருங்கள். பிரிட்டனின் வாகனப் பரிசோதனையில், 38 சென்டிமீட்டர் அகல ஸ்டியரிங்குக்கு, ரேக் வகையில் 13 மில்லிமீட்டரும் மற்ற வகைகளில் 75 மில்லிமீட்டரும் எல்லை. மோரிஸ் மைனர் ரேக் வகையைச் சேர்ந்தது.

இரண்டாவது, ஆட்டம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வீட்டில் ஒருவர் ஸ்டியரிங்கை இருபக்கமும் சிறிது ஆட்டட்டும். மற்றொருவர் டை ராட் முனைகளைக் கவனிக்கட்டும். ஒரு பக்கத்துக் கம்பி அசைந்தும் அதோடு இணைந்த கை சற்றுத் தாமதித்து அசைந்தால், நடுவிலுள்ள பந்து இணைப்பு தேய்ந்துவிட்டது என்று பொருள். இணைப்பின்மேல் விரல் வைத்தால் அந்த இடைவெளி கையிலேயே தெரியும். ஆனால் அசையும் பாகங்களுக்கு நடுவே விரலை விடக்கூடாது.

மூன்றாவது, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கிமீது இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் யாரும் போகவே கூடாது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் குறை சக்கர பேரிங்கில் இருக்கிறது. நிற்காவிட்டால் கிங்பின்னையோ அதன் பிணைப்புகளையோ சந்தேகிக்க வேண்டும். பக்கவாட்டில் பிடித்தால் மட்டும் ஆட்டம் தெரிந்தால், குறை டை ராட் முனையிலோ ரேக்கிலோ இருக்கும்.

வண்டி ஒரு பக்கம் இழுத்தால் உடனே ஸ்டியரிங்கைக் குறைசொல்ல வேண்டாம். டயர்க் காற்றையும் பிரேக்கையும் முதலில் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் கைகள் அதிர்ந்தால் சக்கரத்தின் சமநிலை தவறியிருக்கலாம். காரணம் அறியாமல் பாகங்களை மாற்றினால் காசுதான் கரையும்.

டை ராட் முனையை மாற்றினால் சக்கர நேர்த்தியைப் பட்டறையில் சரிபார்க்க வேண்டும். இல்லாவிட்டால் புது டயரும் சீக்கிரம் ஓரம் தேய்ந்துவிடும். நட்டில் போடும் பிளவுபட்ட ஊசியும் புதியதாகவே இருக்கட்டும்.

இவையெல்லாம் பழைய கார் வைத்திருக்கும் நகரத்தாருக்கு மட்டும் உரிய செய்திகள் அல்ல. தோட்டத்து லாரியிலும், டிராக்டரிலும், பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வேனிலும் இப்படிப்பட்ட இணைப்புகளே இருக்கின்றன. மலைச்சாலை வளைவில் ஓர் இணைப்பு கழன்றால் ஓட்டுநரின் திறமை உதவாது. ஸ்டியரிங் தளர்ந்திருக்கிறது என்று ஓட்டுநர் சொன்னால், அந்த வண்டியில் ஏறுமுன் பழுது பார்க்கச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு. அதை நாம் தயங்காமல் கேட்போம்.